சுஸ்வாவுக்கு வந்து சேரும் மூன்று வழிகள்

கென்யாவின் வடக்கே துர்கானா ஏரிப் பக்கம் குடை விரித்தால் கையில் குச்சிதான் மிஞ்சும். எத்தியோப்பிய மலைகளுக்கும் கென்ய மலைகளுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலம் அது. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று, குறுகலான சந்தில் புகுந்ததுபோல் அங்கே நெருங்கி வேகமெடுக்கிறது. ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே திசை. அந்தப் பொட்டலில் 365 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தம் 310 மெகாவாட்.

2017-லேயே எல்லாம் தயார். மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டிய கம்பிதான் வந்து சேரவில்லை. காற்றாலை தனியார் முதலீடு, கம்பி அரசின் பொறுப்பு. 2018 செப்டம்பர் வரை 365-ம் சும்மா நின்றன. வாங்காத மின்சாரத்துக்கும் ஒப்பந்தப்படி கென்யா தண்டம் அழுதது. வெளியார் பணத்தை வரவழைக்கும் கொள்கையில் சின்ன எழுத்தில் இருப்பது இதுதான்: தாமதம் யாருடையதோ, செலவு அவருடையது.

பக்கத்து வீடான எத்தியோப்பியா வேறு வழியில் போனது. நீல நைலில் 2011-இல் அணை கட்டத் தொடங்கியது. எகிப்து எதிர்த்ததால் பெரிய வெளிக்கடன் கிடைக்கவில்லை. மக்களிடம் கடன்பத்திரம் விற்றார்கள். அரசு ஊழியர்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் திறந்த அணையின் திறன் 5,150 மெகாவாட். பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையும் 2024-இல் நிறுத்திவிட்டார்கள். எண்ணெய்க்கு டாலர் வேண்டும். மின்சாரத்துக்கு மழை போதும். ஆனாலும் நாட்டில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இன்னும் மின்சாரம் எட்டவில்லை. கென்யாவில் முக்கால்வாசிப் பேருக்கு எட்டிவிட்டது. பெரிய அணை கட்டுவது ஒரு வேலை, கடைசி வீட்டுக்கு ஒயர் இழுப்பது இன்னொரு வேலை.

இரண்டு நாட்டின் ஊடாகவும் நிலம் மெல்லப் பிளந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் பூமியின் சூடு மேலே நெருங்கி நிற்கிறது. நைவாஷா ஏரிக்குத் தெற்கே ஒல்காரியாவில் ஆழ்துளை போட்டு, சீறி வரும் நீராவியில் 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். கென்யாவின் மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு இந்த ஆவியுடையதுதான். வெயில், மழை, காற்று எதையும் அது கேட்பதில்லை.

ஒல்காரியாவுக்குப் பக்கத்தில் சுஸ்வா என்று ஒரு துணைமின் நிலையம். துர்கானாக் காற்றும் ஒல்காரியா ஆவியும் அங்கே வந்து சேர்கின்றன. எத்தியோப்பியாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் கம்பியும் அங்கேதான் முடிகிறது. அதன் வழியாக 2022-இல் கென்யா 200 மெகாவாட் வாங்கத் தொடங்கியது. இம்முறை கம்பி வந்து சேர்ந்துவிட்டது.