கொப்பிக் கடனுக்கு ஆயுள் ஒரு வருடம்

சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சில பாடங்களைச் சொல்லிக் கொடுப்பார்கள். எது சிவில், எது குற்றவியல்? நிரூபிக்க வேண்டியவர் யார்? எத்தனை காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்? கல்பிட்டி முதல் சிலாபம் வரை கடை வைத்திருக்கும் நமக்கும் இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

பொலிஸ் விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். கடன் வாங்கியவர் தரவில்லை என்றதும் நம்மவர்கள் பொலிஸுக்கு ஓடுகிறார்கள். வாங்கிய கடனைக் கொடுக்காமல் இருப்பது மட்டும் குற்றமல்ல, அது சிவில் விடயம். பொருளை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடியாகும். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் நம் பக்கம்தான் உண்மையாக இருக்கக் கூடும் என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். ஆனால் நிரூபிக்கும் பாரம் பணம் கேட்கும் நம் தலையில்தான்.

அங்கேதான் நமது கணக்குக் கொப்பி வருகிறது. 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, வியாபாரத்தில் ஒழுங்காக எழுதி வரும் கணக்கை நீதிமன்றத்தில் காட்டலாம். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து ஒருவரைக் கடன்காரர் என்று தீர்க்க முடியாது. நம் கையால் நாமே எழுதியதுதானே! வாங்கியவரின் கையெழுத்தோ, பொருளை ஏற்றி இறக்கியவரின் சாட்சியமோ கூட வேண்டும்.

இனி காலக்கெடு. பலருக்குத் தெரியாத விடயமும், அதிகம் நஷ்டம் தரும் விடயமும் இதுதான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 8ஆம் பிரிவின்படி, விற்றுக் கொடுத்த பொருளுக்கான பணம், கடை பில், கொப்பிக் கடன் ஆகியவற்றுக்கு ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பொருள் விற்பனை அல்லாத வாய்மொழி ஒப்பந்தம் என்றால் மூன்று வருடம். எழுத்தில் உள்ள வாக்குறுதிக்கும் புரோநோட்டுக்கும் ஆறு வருடம்.

நம் பகுதியின் வியாபாரத்தோடு இதை வைத்துப் பாருங்கள். மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழும்பினால் கடல் தொழில் குறைந்துவிடும். அரிசி, டீசல், வலை, கயிறு எல்லாம் கடனுக்குப் போகும். "அடுத்த சீசனுக்குத் தாரேன் முதலாளி" என்பார்கள். அந்த சீசனும் சரிவராவிட்டால் அதற்கடுத்தது. மிளகாய், வெங்காயம் போடுபவருக்கு உரம் கொடுக்கும் கடைக்காரர் கதையும் இதேதான். 2024 ஜூனில் கொடுத்த சாமானுக்கு 2025 ஜூனோடு காலம் முடிந்துவிடும். நாம் முகம் பார்த்துக் காத்திருந்தோம் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது.

ஆனால் காலம் கடந்துவிட்டது என்பதைக் கடனாளிதான் தன் மறுமொழியில் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீதிபதி தானாக எடுத்துச் சொல்ல மாட்டார். வாங்கிச் சாப்பிட்ட சாமானுக்கு அப்படிச் சொல்ல ஒரு முஸ்லிமுக்கு மனம் வரலாமா என்பது வேறு கேள்வி. சட்டத்தில் காலம் முடிந்தாலும் மறுமையில் அந்தக் கடன் முடிவதில்லை.

காலத்தை நீட்டிக்க வழி உண்டு. கடனாளி இடையில் ஒரு தொகை கொடுத்தால் அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடும். ஆகவே ஐநூறு ரூபாய் தந்தாலும் திகதி போட்டு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதமும் உதவும். வெறும் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டது உதவாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு வருடம் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இன்னும் நல்லது, ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்வது. "சாமான் பெற்றேன்" என்ற கையெழுத்து சாமான் போனதற்குத்தான் சாட்சி. "இன்ன தொகையை இன்ன திகதிக்குள் தருவேன்" என்ற வாக்குறுதியும் அதில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆறு வருடம் என்று வாதாட இடமிருக்கும். எழுதக் கேட்டால் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார் என்கிறார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், சூரா பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும்தான் சொல்கிறது. சிறிய தொகை என்று சலிக்க வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. கோபிப்பவரிடம் அதைச் சொல்லுங்கள்.

சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பியதும் காலம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. வழக்கு நீதிமன்றத்தில் பதிவான நாள்தான் கணக்கு. சிறிய தொகைக் கடன்கள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றம் வர வேண்டும். அதற்கும் நாட்கள் எடுக்கும். பதினோராவது மாதம் வரை பொறுத்திருந்துவிட்டு கொப்பியைத் தூக்கிக்கொண்டு புத்தளம் போனால், சட்டத்தரணியும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். எட்டாவது மாதத்திலாவது போங்கள்.