ஸ்லீப்பிங் பேக் சூடு தராது, தெரியுமா?

எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் சரி, ஸ்லீப்பிங் பேக்குக்கென்று சொந்தமாகத் துளி சூடு கிடையாது! உள்ளே படுத்திருக்கும் பிள்ளையின் உடம்புதான் அடுப்பு. அந்த உடம்பு ஓயாமல் வெளிவிடும் வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே பையின் வேலை. அதையும் செய்வது யார்? பஞ்சிழைகளுக்கு நடுவே அசைய வழியில்லாமல் மாட்டிக்கொண்ட காற்று! வெப்பத்தைக் கடத்துவதில் அசையாத காற்று அத்தனை மந்தம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், கேம்பிங் போகும் வாண்டுகளுக்குப் பை வாங்குவதில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பையின் மேல் ‘மைனஸ் 5 டிகிரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்குகிறோமே, அது யாருக்குப் போட்ட கணக்கு தெரியுமா? முதலில் ஈஎன் 13537 என்று ஓர் ஐரோப்பியத் தரநிலை இருந்தது; இப்போது அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 23537. சோதனை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். குளிரூட்டிய ஓர் அறை. அதற்குள் ஆளுயரப் பொம்மை ஒன்று. பொம்மையின் உடம்பெங்கும் சூடேற்றும் அமைப்பும் வெப்பமானிகளும். அதற்கு உடை மாட்டி, பைக்குள் நுழைத்து, அடியில் விரிக்கும் ‘மேட்’ ஒன்றின் மேல் படுக்க வைக்கிறார்கள். பொம்மையின் ‘தோல்’ சூடு குறையாமல் இருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளக்கிறார்கள். அதிலிருந்து பிறப்பவைதான் பையில் நாம் பார்க்கும் எண்கள்!

‘கம்ஃபர்ட்’ என்றால் 25 வயது, 60 கிலோ எடை, 160 சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். ‘லிமிட்’ என்றால் 25 வயது, 73 கிலோ, 173 சென்டிமீட்டர் ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதோ, அந்தப் பெண் 6 மணி நேரம் உயிர் தப்பினால் போதும் என்கிற குளிர். அதில் தூக்கம் என்ற பேச்சே இல்லை! பல பைகளில் பெரிதாக அச்சாகியிருப்பது இந்த எண்தான் என்பதை நினைத்தாலே பதறுகிறது. சரி, குழந்தைக்கான எண் எங்கே? எங்கேயுமே இல்லை! குழந்தைகளின் பைகள் தன் வரம்புக்குள் வராது என்று அந்தத் தரநிலையே சொல்லிவிடுகிறது. ஆகவே கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். நீங்கள் போகும் இடத்தில் இரவு 8 டிகிரி வரை இறங்குமென்றால், 3 டிகிரியோ அதற்கும் கீழோ கம்ஃபர்ட் உள்ள பையாக எடுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் இந்த 5 டிகிரி இடைவெளியை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஏன் இவ்வளவு கறார்? எடையோடு ஒப்பிட்டால், ஐந்து வயதுப் பிள்ளையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! பிறந்த குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேல்! வெப்பம் தப்பிக்க அத்தனை பெரிய வாசல், உண்டாக்கும் உடம்போ சின்னஞ்சிறியது. இந்தப் பிள்ளையைப் பெரியவர்களின் பையில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? பையின் நீளம் இரண்டு மீட்டர். பிள்ளையோ ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கால்மாட்டில் கிடக்கும் அந்த வெற்றிடத்தையும் சேர்த்துச் சூடாக்கும் பாரம் பிஞ்சு உடம்பின் தலையில் விழுகிறது. பெரிதாக வாங்கினால் வளர்ந்த பிறகும் ஆகும் என்று பள்ளிச் சீருடையில் போடும் கணக்கு இங்கே பலிக்காது. வேறு வழியில்லாமல் பெரிய பைதான் கிடைத்தது என்றால், பிள்ளையின் பாதத்துக்கு ஒரு சாண் கீழே பையை மடித்து அடியில் செருகுங்கள். மடிப்பு பிரியாமல் ஒரு பெல்ட்டால் கட்டுங்கள். உள்ளே மீதமிருக்கும் இடத்தில் காய்ந்த துணிகளைத் திணித்துவிடுங்கள். இரவே வேறாகிவிடும்! பிள்ளை வளர வளர நீளும் பைகளும் வந்துவிட்டன. ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனத்தின் ‘ஸ்டார்லைட்’, கால்பக்க ஜிப்பைத் திறந்தால் 30 சென்டிமீட்டர் நீள்கிறது.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது? உலகிலேயே மிக உயர்ந்ததாகக் கொண்டாடப்படும் நிரப்புப் பொருள் ஒரு பறவைக் கூட்டிலிருந்து வருகிறது தெரியுமா! ஐஸ்லாந்துக் கடற்கரையில் ஈடர் என்ற வாத்து, தன் நெஞ்சுத் தூவியைத் தானே உதிர்த்து முட்டைகளுக்கு மெத்தை போடுகிறது. அந்தத் தூவியை மனிதர்கள் கூடு கூடாகப் போய்க் கையால் சேகரிக்கிறார்கள். ஒரு கிலோ சேர ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும்! ஆனால் தூவி நனைந்தால் அமுங்கிப்போகும், காற்றைப் பிடித்து வைக்காது. தண்ணீரைக் கொட்டுகிற, தூக்கத்தில் படுக்கையை நனைக்கிற வயதுக்குப் பாலியெஸ்டர் பஞ்சுதான் என் தேர்வு. ஈரத்திலும் ஓரளவு தாங்கும், வீட்டு மெஷினிலேயே துவைக்கலாம். கடையில் பையை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தையல் கோடு நெடுக வெளிச்சம் கசிகிறதா? அங்கெல்லாம் பஞ்சே இல்லை, குளிர் நுழைவது அந்த வழியாகத்தான்.

மேலே எவ்வளவு போர்த்தினாலும் முதுகு சில்லிடுவது ஏன்? படுத்ததும் உடம்பின் கனத்தில் அடிப்பஞ்சு நசுங்கி, உள்ளிருந்த காற்று ஓடிவிடுகிறது! வெறும் தரை வெப்பத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. அதனால் பைக்குச் செலவழிப்பதற்கு முன்னால் மேட்டுக்குச் செலவழியுங்கள். அதன் ‘ஆர்’ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் கூடக் கூடக் காப்பும் கூடும். மலைக் குளிருக்கு 4 என்றால் தைரியமாகப் படுக்க வைக்கலாம்.

மலை என்றதும் இன்னொன்று! ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. மதுரையில் வியர்த்துக்கொண்டே பஸ் ஏறும் குடும்பம், கொடைக்கானலில் இறங்கும்போது ஏறத்தாழ 13 டிகிரியைக் கீழே விட்டுவிட்டு வந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் நீலகிரிப் புல்வெளிகளில் உறைபனியே படிகிறது!

குளிரோடு ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? 1911-ல் துருவப் பயணி ஸ்காட்டின் அண்டார்டிகா குழுவிலிருந்து மூன்று பேர், பெங்குயின் முட்டை தேடி நட்டநடுக் குளிர்காலத்தில் கிளம்பினார்கள். அவர்களின் வியர்வையும் மூச்சும் மான்தோல் பைகளுக்குள்ளேயே உறைந்து, திரும்பி வரும்போது பைகளின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது! ஈரம் செய்யும் வேலை அது. பகலில் ஆடி வியர்த்த உடையோடு பிள்ளையைப் பைக்குள் விடாதீர்கள். உள்பனியன் முதல் சாக்ஸ் வரை காய்ந்ததாக மாற்றுங்கள். தலைக்குக் குல்லா. முகம் மட்டும் வெளியே இருக்கட்டும்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இவை எதுவுமே வேண்டாம். முகத்தை மூடிவிடக்கூடிய எந்தப் பையும் ஆபத்து. அவர்களுக்குக் கழுத்தும் கையும் அளவாகப் பொருந்தும், சட்டை போல மாட்டிவிடும் தூக்க உடை தனியாக இருக்கிறது. அதன் கதகதப்பை ‘டாக்’ என்ற அலகில் சொல்கிறார்கள். 1940-களில் மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வுக்கூடம் தந்த அலகு அது! கனடாவின் இனுயிட் தாய்மார்களோ ‘அமாவுடி’ என்ற அங்கியின் முதுகுப்பையில் குழந்தையைத் தங்கள் உடம்போடு ஒட்டி வைத்தே ஆர்க்டிக் குளிரைக் கடந்திருக்கிறார்கள்.

எவ்வளவு குளிரினாலும் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். நடு இரவில் பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள். நன்றாக இருக்கும்போதே கை சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள். அங்கே சில்லிட்டிருந்தால் இன்னொரு கம்பளி, வியர்த்திருந்தால் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.