சிறுமியின் மேலுதட்டு ரோமம்

பத்து வயதுப் பெண் ஒருத்தி பள்ளியிலிருந்து திரும்பியதும் புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நிலைக்கண்ணாடியின் முன் போய் நிற்கிறாள். உடன் படிக்கும் பிள்ளைகள் அவளை "மூஞ்ச்" என்று அழைத்தார்களாம். தில்லிக்குக் குடிவந்து ஆறு மாதமே ஆகியிருந்த தாய், 'மூஞ்சி' என்றுதான் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என எண்ணி, "நம் பாஷையைக் கேலி செய்கிறார்கள், விட்டுத் தள்ளு" என்று சமாதானம் கூறுகிறாள். ஹிந்தியில் அச்சொல்லுக்கு மீசை என்று பொருள். அது விளங்கிய பிறகு தாயின் வாயில் வருவது, "சின்னப் பெண்ணுக்கு இப்போதே என்ன சிங்காரம் வேண்டிக் கிடக்கிறது?" என்ற கேள்வி. மறுநாள் தந்தையின் சவரப் பெட்டியில் பிளேடு ஒன்று இடம் மாறியிருக்கிறது. மகளின் உதட்டோரத்தில் ஒரு கீறல் தெரிகிறது.

இத்தகைய காட்சி வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் எங்கும் நிகழக் கூடியதே. ஊரில் இருந்தால் பாட்டியோ அத்தையோ அருகிலிருந்து, "உன் அம்மாவுக்கும் இந்த வயதில் இப்படித்தான் இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அயலூரில் அந்த ஒரு வார்த்தை கிடைப்பதில்லை. கேலியோ வேற்று மொழியில் வருகிறது. மேலுதட்டு ரோமத்தைப் பற்றிய பரிகாசம் எவரையும் விடுவதில்லை என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறிய மாணவியின் புகைப்படம் வெளியானபோது, அவர் பெற்ற மதிப்பெண்களை விட்டுவிட்டு அவருடைய முகத்து ரோமத்தைப் பற்றிப் பலர் எழுதலானார்கள். அவருக்காகப் பரிந்து பேசியவர்களும் பலர் என்பது உண்மையே. ஆயினும் வளர்ந்தவர்களே இவ்வாறு நடந்துகொள்ளும்போது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே மகள் இதைப் பற்றி வாய் திறந்தால், அதை அலங்கார ஆசை என்று தள்ளிவிடாமல் செவி கொடுத்துக் கேட்பதே முதற் காரியம்.

இந்த ரோமம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். பிறந்த குழந்தைக்கும் உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்கள் நீங்கலாக உடலெங்கும் மெல்லிய, நிறம் குறைந்த ரோமம் உண்டு. பூனை முடி என்று நாம் சொல்வது இதைத்தான். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள், ஏறக்குறைய ஆறு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் ஆண்ட்ரோஜன் என்னும் வகையைச் சேர்ந்த ஹார்மோன்களைச் சற்று மிகுதியாகச் சுரக்கத் தொடங்குகின்றன. இவற்றை ஆண்மை ஹார்மோன்கள் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. அது பொருத்தமான பெயரன்று, ஏனெனில் ஒவ்வொரு பெண்ணின் உடலிலும் அவை உண்டு. அவற்றின் தூண்டுதலால் சில இடங்களில் பூனை முடி கறுத்துத் தடிக்கிறது. எவ்வளவு தடிக்கும் என்பது பெரும்பாலும் குடும்ப வாகைப் பொறுத்தது. நம் நாட்டுப் பெண்களுக்குக் கிழக்காசிய நாட்டுப் பெண்களைவிட முகத்தில் ரோமம் கூடுதலாக இருப்பது இயல்பு. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் மேலுதட்டில் நிழல் படிந்தாற்போல் தோன்றும் ரோமம், வேறு அறிகுறி ஏதும் இல்லாதவரை, நோயன்று.

நோயன்று என்று சொன்ன மாத்திரத்தில் குழந்தையின் வருத்தம் போய்விடாது. நீக்க வேண்டும் என்று அவள் விரும்பினால் நீக்கலாம். விரும்பாவிட்டால், தாய்க்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவள் முகத்தில் கை வைக்கலாகாது. இதை வற்புறுத்திச் சொல்லக் காரணமுண்டு. மகள் கவனித்தே இராத ரோமத்தை, கல்யாண வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் அவளுக்குச் சுட்டிக் காட்டி மனத்தைப் புண்படுத்துகிறவர்கள் பல சமயங்களில் நாமேதான்.

நீக்குவதற்கு எளிய வழி கத்தரிப்பதும் மழிப்பதுமே. இங்கேதான் பெற்றோர் திடுக்கிடுகிறார்கள். "பிளேடு பட்டால் முள்ளாக முளைக்கும், நாளைக்கு உண்மையான மீசையே வந்துவிடும்" என்ற அச்சம் நம் வீடுகளில் மட்டுமன்று, உலகமெங்கும் இருக்கிறது. அது ஆதாரமற்றது. 1928-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் என்னும் அம்மையார் சிலரைத் தொடர்ந்து சவரம் செய்யச் சொல்லி அளந்து பார்த்து, ரோமத்தின் தடிப்பும் வளரும் வேகமும் அதனால் மாறவில்லை எனக் கண்டார். 1970-இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில் ஐந்து இளைஞர்கள் வாரந்தோறும் ஒரு காலை மட்டும் பல மாதங்கள் மழித்து வந்தார்கள். இரண்டு கால்களுக்கும் இடையே வேறுபாடு தோன்றவில்லை. ரோமத்தின் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் வேரில் இருக்கிறது. வெளியே தெரிவது உயிரற்ற இழை. இழையை வெட்டுவது வேருக்குத் தெரியாது. வெட்டிய நுனி கூர்மை இழந்து தட்டையாக நிற்பதால் தடவும்போது சொரசொரப்பாக இருக்கிறது, அவ்வளவே. மேலும், மழிக்கத் தொடங்கும் அதே ஆண்டுகளில்தான் ஹார்மோன்களும் ரோமத்தைத் தடிக்கச் செய்கின்றன. காலம் செய்ததைக் கத்தியின் மேல் சுமத்திவிடுகிறோம்.

இந்த வீண் அச்சம்தான் பெற்றோரைக் கத்தியைவிடக் கொடிய முறைகளிடம் இட்டுச் செல்கிறது. பழைய வைத்திய முறைகளில் அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி ரோமத்தை உதிர்ப்பது உண்டு. அரிதாரம் ஆர்சனிக் என்னும் நச்சுப் பொருளைக் கொண்டது. குழந்தையின் உதட்டருகே அதற்கு இடமில்லை. புதுமை என்ற பெயரில் வந்தவையும் எல்லாம் நன்மை செய்துவிடவில்லை. 1920-களில் அமெரிக்காவில் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சி முகத்து ரோமத்தை நீக்கும் நிலையங்கள் தோன்றின. வலியில்லை, தழும்பில்லை என்று நம்பிப் பெண்கள் திரளாகச் சென்றார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தோல் வெந்து சுருங்கிற்று. புற்றுநோய் கண்டவர்களும் உண்டு. விளம்பரத்தின் உறுதிமொழி ஒன்று, உடலின் கணக்கு வேறொன்று.

கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் தோலுக்குப் பெரும்பாலும் கெடுதி செய்வதில்லை. ஆனால் ரோம வேரை அழிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. காய்ந்த மாவை அழுத்தித் தேய்க்கும்போது சில இழைகள் பிடுங்கப்படுகின்றன. தோலும் சிவந்து போகிறது. நம் போன்ற மாநிறத்தாரின் தோலில் எந்த எரிச்சலும் கறுத்த தழும்பை விட்டுச் செல்லும் இயல்புடையது. ரோமத்தின் நிழல் போக வேண்டுமென்று தேய்த்து, அதே இடத்தில் மாதக்கணக்கில் மறையாத வேறொரு நிழலை வரவழைத்துக்கொள்வது என்ன லாபம்?

அண்டை வீட்டார் பியூட்டி பார்லருக்கு அழைத்துப் போகலாம் என்பார்கள். அங்கே நூலைக் கொண்டு பறிக்கும் த்ரெடிங் முறை வளர்ந்த பெண்களுக்கு ஏற்றதே. சிறுமிக்கு வலி மிகுதி. வேர்க்கால்களில் சிறு கொப்புளங்கள் எழக்கூடும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் உள்ள இடமாயின் அங்கே அவளை அமர்த்தாமல் இருப்பது மேல். சூடான மெழுகு மென்மையான தோலைச் சுட்டுவிடும். முகப்பருவுக்கு அடாப்பலின் போன்ற மருந்து பூசி வருபவளாக இருந்தால் மெழுகோடு தோலும் உரிந்து வரும். ரோமத்தை வெளுக்கச் செய்யும் பிளீச்சில் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் பெரும்பாலும் அம்மோனியாவும் உண்டு. அது எரிச்சல் தரும். மாநிற முகத்தில் பொன்னிற ரோமம் முன்னிலும் எடுப்பாகத் தெரிவதும் உண்டு. ரோமத்தைக் கரைக்கும் கிரீம்கள் தயோகிளைகொலேட் என்னும் ரசாயனத்தால் இழையின் புரதத்தைச் சிதைக்கின்றன. தோலும் அதே இனத்துப் புரதத்தால் ஆனதே என்பதை மறக்கலாகாது. பெரியவர்களுக்கென்றும் கைகால்களுக்கென்றும் செய்தவற்றைச் சிறுமியின் முகத்தில் பூச வேண்டாம்.

மழிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முகத்திற்கென்றே விற்கும் சிறிய, காப்புள்ள சவரக்கத்தி ஒன்று அவளுக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். தந்தையின் கத்தியையோ தமக்கையின் கத்தியையோ பகிர்ந்துகொள்ளக் கூடாது. முகத்தை வெதுவெதுப்பான நீரால் நனைத்து, மணமற்ற மென்மையான சோப்பையோ கிரீமையோ தடவுங்கள். மேலுதட்டுத் தோலை இலேசாக இழுத்துப் பிடித்து, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல், ஒரு முறை மட்டும் கத்தியை ஓட்டுங்கள். குளிர்ந்த நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும். பரு, புண், மச்சம் உள்ள இடங்களைத் தொட வேண்டாம். முதலில் சில முறை தாயின் கையே செய்யட்டும். பிறகு தாய் அருகிருக்க மகள் செய்து பழகட்டும். வாரத்துக்கு ஒன்றோ இரு வாரத்துக்கு ஒன்றோ போதும். கத்தியைக் கண்டு அவள் அஞ்சினால், பாட்டரியில் ஓடும் சிறு டிரிம்மர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அது தோலை வெட்டாது.

லேசர் சிகிச்சையைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்த ஒளி ரோமத்தின் கருநிறத்தைத் தேடிச் சென்று வேரைச் சுடுவது. கறுத்த தோலில் அது தேர்ந்த வைத்தியர் கையில் மட்டுமே பத்திரமானது. நம் நாட்டுப் பெண்களின் முகத்தில் சில சமயம் ரோமம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுவதும் உண்டு. தவிர, ஹார்மோன்கள் இன்னும் அடங்காத வயதில் இன்று சுட்ட வேருக்குப் பக்கத்தில் நாளை வேறொன்று விழித்துக்கொள்ளும். பத்து வயதில் அதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்? எட்டு வயது நிரம்புமுன் மறைவிடத்தில் ரோமமோ மார்பு வளர்ச்சியோ தோன்றினால் காத்திருக்கக் கூடாது. சில மாதங்களுக்குள் மோவாய், மார்பு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த ரோமம் பரவினாலும், குரல் கனத்தாலும், கடுமையான பருக்கள் எழுந்தாலும் அவ்வாறே. பின்கழுத்தில் வெல்வெட்டுப் போன்ற கருமை படிந்து எடையும் கூடினால் இன்சுலின் செயற்பாட்டைப் பரிசோதிப்பார்கள். பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் உள்ள குறை ஒன்று சிலருக்கு இந்த வயதில்தான் வெளிப்படும்; காலை வேளையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையால் அதற்குத் துப்புக் கிடைக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், நீடித்து உட்கொள்ளும் ஸ்டீராய்டு ஆகிய மருந்துகளும் ரோமத்தை வளர்க்கும். வழுக்கைக்காகத் தந்தை தலையில் தடவும் மினாக்சிடில் திரவம் தலையணை வழியாகவும் கை வழியாகவும் குழந்தையின் முகத்தில் படிந்து ரோமத்தை முளைப்பித்ததும் உண்டு. இதைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. பூப்பெய்திய முதல் ஆண்டில் மாதவிலக்கு முறைதவறி வருவது சாதாரணம். அதையும் உதட்டு ரோமத்தையும் சேர்த்துப் பார்த்து சினைப்பைக் கோளாறு என்று தாமே முடிவு கட்ட வேண்டாம்.

வெளி மாநிலத்தில் வாழும் தாய்மார்களுக்கு இங்கே இன்னோர் இடர் உண்டு. ஹிந்தி வழங்கும் ஊர்களின் மருத்துவமனைகளில் சருமப் பிரிவுக்கு 'சர்ம ரோக்' என்று பலகை இருக்கும்; அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வைத்தியரிடம் பேச மொழி தெரியாத தாய், பள்ளியில் ஹிந்தி கற்ற மகளையே மொழிபெயர்க்கச் சொல்கிறாள். தன் உடலைப் பற்றிய கேள்விகளை அந்நியர் முன் அந்தச் சிறுமியே எடுத்துச் சொல்லி, பதிலையும் அவளே தாய்க்குச் சொல்ல நேர்கிறது. அதற்குமேல் அவளுக்கு என்ன தண்டனை வேண்டும்? மொழி அறிந்த ஒரு தோழியை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல், ரோமம் எந்த வயதில் தொடங்கிற்று, எங்கெங்கே உள்ளது, குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது, வீட்டில் யார் என்ன மருந்து உபயோகிக்கிறார்கள், பூப்பெய்திவிட்டாளா என்பவற்றை அவ்வூர் மொழியிலோ ஆங்கிலத்திலோ யாரைக் கொண்டேனும் முன்னதாகவே எழுதி வாங்கி வைத்தியர் கையில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்தக் காகிதத்தை மகளிடம் காட்டுங்கள். ஏதேனும் விட்டுப் போயிருந்தால் அவள் சொல்வாள்.