இணைய அழைப்பு ஏன் கிடைப்பதில்லை? வணிகர்கள் அறிய வேண்டியவை

குருவிகுளம் வட்டார மளிகைக் கடைக்காரர்கள் விருதுநகர் மொத்த வியாபாரிகளிடம் பருப்பு, எண்ணெய் விலை கேட்பதும், சரக்குக்கு ஆர்டர் சொல்வதும் இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் போன்ற இணைய அழைப்பில்தான். செலவு மிச்சம், சரக்கின் படத்தையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அழைப்பு போகாத நாளில், "சிக்னல் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். சிக்னல் நன்றாக இருக்கும்போதே அழைப்பு போகாமல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் வியாபாரம் கையைவிட்டுப் போகாது.

பெயரிலிருந்து எண்ணுக்கு

முன்பெல்லாம் ஒரு கடையின் போன் நம்பர் தெரியாவிட்டால் 197-க்குப் போன் செய்து, பெயரும் ஊரும் சொல்லிக் கேட்போம். இணையத்திலும் இதே ஏற்பாடுதான். நம் போனில் உள்ள மென்பொருளுக்குத் தன் நிறுவனக் கணினியின் பெயர் தெரியும். ஆனால் இணைப்பு கிடைக்க அதன் ஐ.பி. எண் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983-ல் இதை வகுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த பால் மோக்கபெட்ரிஸ். அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே பட்டியலில் இருந்தன. கணினிகள் பெருகப் பெருக அந்தப் பட்டியல் கட்டுப்படியாகவில்லை.

தபால் முகவரியைத் தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், குருவிகுளம், பிறகு தெரு என்று கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பிரிப்பதுபோல, இணையப் பெயரும் வலக்கோடியிலிருந்து படிப்படியாகத் தேடப்படுகிறது. கிடைத்த எண்ணுடன் "இது இத்தனை நேரம் செல்லும்" என்ற கெடுவும் சேர்ந்தே வரும். கெடு முடியும்வரை அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் மறுபடி கேட்க வேண்டும்.

தேடல் தவறினால்

பதில் மூன்று விதமாகத் தவறலாம். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்பது ஒன்று. "இப்போது சொல்ல இயலவில்லை" என்பது இன்னொன்று. பதிலே வராமல் போவது மூன்றாவது. முதலாவதில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. மற்ற இரண்டில் நல்ல மென்பொருள் வேறொரு கணினியிடம் கேட்கும். அல்லது சற்றுப் பொறுத்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் முயலும். அலுவலக இணையத் தொலைபேசிகளுக்கு 2002-ல் வகுத்த விதிப்படி, ஒரே பெயருக்குப் பல கணினிகளை வரிசைப்படுத்திப் பதிந்து வைக்கலாம். முதலாவது பேசாவிட்டால் அடுத்தது. ஆனால் எந்தத் தவறானாலும் நம் போனில் தெரிவது பெரும்பாலும் "இணைக்கிறது" என்ற ஒரே வாசகம்தான்.

ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு இதனால் பொதுவாக அறுந்துபோகாது. புதிய அழைப்புதான் போகாது. இதைவிட ஆபத்து வேறு. கடையில் உள்ள இணையத் தொலைபேசி குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தன் இருப்பைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெயர்த் தேடல் தவறிப் பதிவு நின்றால், வெளியிலிருந்து வரும் அழைப்பு மணியடிக்காது. ஆர்டர் வரவில்லை என்று நாம் நினைத்திருப்போம். வாடிக்கையாளரோ கடை மூடியிருக்கிறது என்று வேறு கடை பார்ப்பார்.

2021 அக்டோபர் 4 இரவு 9 மணிக்குப் பின் வாட்ஸ்அப் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்றது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் இணைப்புகள் அறுந்தன. அதன் பெயர்ப் பதிவேட்டுக் கணினிகளுக்குச் செல்லும் வழியும் இணையத்திலிருந்து நீங்கியது. கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன, முகவரி சொல்லத்தான் ஆளில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. அழைப்பு போகாவிட்டால் அதே போனில் வேறொரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் நம் இணைப்பு சரி. கோளாறு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பக்கம். காத்திராமல் சாதாரண போனில் பேசிவிடுங்கள்.

2. எதுவுமே திறக்காவிட்டால் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் முயலுங்கள். கிடைத்தால் கோளாறு கடை இணைப்பில். மோடத்தை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், பெயர் தேடும் இடமாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது எண்களை வைத்துத் தரும்படி இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

3. கடையில் இணையத் தொலைபேசி இருந்தால், தினமும் கடை திறந்ததும் வேறு போனிலிருந்து அதற்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

4. மொத்த வியாபாரி, லாரி செட், முக்கிய வாடிக்கையாளர் ஆகியோரின் சாதாரண போன் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதிக் கல்லாவில் வையுங்கள். அவர்களிடமும் நம் சாதாரண நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

இணைய அழைப்பு நல்ல வசதி. அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் சரக்குக்கு ஒரே மண்டியை நம்பாத நாம், பேச்சுக்கும் ஒரே வழியை நம்பலாகாது.