கருவி காட்டும் எண்ணும் போத்தலில் தெரியும் உண்மையும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாட் காலை. குறிகட்டுவான் இறங்குதுறையில் மீன் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்ட சிறிய டீசல் லொறி ஒன்று, புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் தாம்போதியில் இழுவை குறைந்து திணறத் தொடங்கியது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்டிகளில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இரவெல்லாம் கடலில் நின்றவர்களின் உழைப்பு அந்தப் பெட்டிகளில் இருந்தது. அன்று பாதி விலைக்கே மீன் போயிற்று.

லொறியை நகரத்துக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். கருவியைப் பூட்டிப் பார்த்தார்கள். பி 0171, பி 0087 என இரண்டு எண்கள் வந்தன.

"கலவை மெலிவு எண்டு காட்டுது, பாதர். ஹைபிறசர் பம்பை மாத்தினாத்தான் சரிவரும்" என்றார்கள். அதன் விலை, தொழிலாளர் சங்கத்தின் பல மாதச் சேமிப்பு. பணத்தைக் கட்டுமுன், வேலணையில் நாற்பது வருடமாக எஞ்சின் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கேட்டோம். அவர் எண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "முதலில டீசலை ஒரு போத்திலுக்க பிடிச்சுக் கொண்டு வாங்கோ, பாதர்" என்றார்.

மெலிவு என்றால் என்ன?

காற்று கூடி எரிபொருள் குறைந்த கலவையே மெலிந்த கலவை. பெற்றோல் எஞ்சினுக்கு அது நோய். டீசல் எஞ்சினுக்கோ அது பிறவிக் குணம். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ காற்றுப் போதும். ஆனால் டீசல் எஞ்சின் எப்போதும் அதற்கு மேலாகவே காற்றை உள்ளெடுக்கிறது. சும்மா நின்று ஓடும்போது பல மடங்கு எடுக்கிறது. அப்படியானால் கணினி எதைக் குறையாகச் சொல்கிறது?

உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று ஓர் உணரி அளக்கிறது. எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று கணினி கட்டளையிடுகிறது. இவ்விரண்டையும் வைத்து, புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்ச வேண்டும் என்று அது கணக்கிடுகிறது. புகைக்குழாயிலுள்ள உணரி அதைவிடக் கூடுதலாகக் காட்டினால், மெலிவு என்று எண்ணை எழுதுகிறது. ஆகவே அந்த எண் கணக்குப் பிழைத்தது என்பதற்கான அறிவித்தல் மட்டுமே. எந்தப் பாகம் பழுது என்று அது சொல்லவில்லை.

கணக்கு மூன்று வழிகளில் பிழைக்கலாம். ஒன்று, கட்டளையிட்ட அளவு டீசல் போய்ச் சேரவில்லை. இரண்டு, காற்றளக்கும் உணரியில் தூசி படிந்து குறைத்துக் காட்டுகிறது. அல்லது அதற்கும் டேர்போவுக்கும் இடையில் குழாய் வெடித்து, அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. மூன்று, புகைக்குழாய் உணரிக்கு முன்னால் வெடிப்பு ஏற்பட்டு வெளிக்காற்று கலக்கிறது. அல்லது உணரியே பழுது. உப்புக் காற்றில் துருவேறும் எமது தீவக வாகனங்களில் இந்த மூன்றாவது காரணத்தையும் மறக்கக் கூடாது.

இங்கேதான் இரண்டாவது எண் உதவுகிறது. பி 0087 என்பது எரிபொருட் குழாயில் அழுத்தம் போதாது என்பதாகும். இரண்டும் சேர்ந்து வந்தால், முதலில் டீசல் வரும் பாதையைப் பார்க்க வேண்டும். மெலிவு மட்டும் வந்து அழுத்தம் சரியாக இருந்தால் காற்றுப் பக்கத்தையும் புகைப் பக்கத்தையும் பார்க்கலாம்.

பரலுக்குள் இருந்த நோய்

போத்தலை ஓரிரவு அசையாமல் வைத்தோம். காலையில் அடியில் இரண்டு விரல் உயரத்திற்குத் தண்ணீர். அதற்கும் டீசலுக்கும் இடையில் கறுத்த வழும்பு. பில்டரைக் கழற்றினால் அதே வழும்பு அடைத்திருந்தது. பம்பிலே பிழையில்லை, பம்புக்கு டீசலே வரவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற எமது மக்கள், கொஞ்சம் கையிருப்பு இருக்கட்டும் என்று நினைப்பது இயல்பே. இந்த லொறிக்கும் ஒரு பரல் டீசல் முற்றத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மழை பெய்தால் பரலின் தலையில் தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் பரல் சூடேறிக் காற்றை வெளிவிடும். இரவு குளிர்ந்ததும் மூடியின் இடுக்கால் உள்ளே இழுக்கும். காற்றோடு தேங்கிய நீரும் போகும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும். அவையே அந்த வழும்பு.

தாங்கியைக் கழுவி, புதிய பில்டர் போட்டு, குழாயிலிருந்த காற்றைக் கைப்பம்பால் அகற்றினோம். பம்பின் விலையோடு பார்க்கையில் செலவு மிகச் சொற்பம். லொறி ஓடியது. எண்கள் திரும்பி வரவில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. எந்தப் பாகத்தையும் வாங்குமுன், வந்த எண்கள் அனைத்தையும் தாளில் எழுதி வாங்குங்கள்.
2. டீசலைக் கண்ணாடிப் போத்தலில் ஓரிரவு வைத்துப் பாருங்கள். பில்டரின் அடியிலுள்ள தண்ணீரைக் கிரமமாகத் திறந்து விடுங்கள்.
3. தாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது.
4. தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு துண்டு தெளிவான குழாயைப் பூட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது.
5. பரலை நிழலில் படுக்கையாக வையுங்கள். மூடிகள் இரண்டும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். அடிமட்ட டீசலைத் தாங்கிக்குள் ஊற்றாதீர்கள்.

பழைய அறிவும் புதிய எச்சரிக்கையும்

1990இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டிற்கு எரிபொருள் தடைப்பட்டபோது நான் பாடசாலைச் சிறுவன். சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம் அது. பிளக் வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கறுத்திருந்தால் கொழுப்பு என்று கண்ணாலேயே கண்டறிந்தார்கள் எம் மெக்கானிக்மார். அந்தக் கண்ணும் காதும் இன்றும் வேண்டும்.

ஆயினும் அக்காலத்துப் பழக்கங்கள் இரண்டை விட்டுவிட வேண்டும். ஒன்று, டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலப்பது. புதிய பம்புகளுக்கு டீசலே உராய்வுநீக்கி. மண்ணெண்ணெயில் அந்த வழுக்குத்தன்மை போதாது. பம்பு தேய்ந்து, அதன் துகள் இன்ஜெக்டர் வரை போகும். மற்றது, எஞ்சின் ஓடும்போது நொசில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது. கார் ரயரில் இருப்பது இரண்டு மூன்று பார் அழுத்தம். கொமன் றெயில் குழாயில் அது 1000 பாருக்கும் மேல் ஏறக்கூடும். ஊசிமுனை அளவு கசிவும் தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் செலுத்தும். காயம் சிறிதாகத் தெரியும். கையையே இழக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்பதை எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

கருவியை வெறுக்கவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம். அது கேள்வியை எழுப்புகிறது. விடையைத் தேட வேண்டியவர்கள் நாமே. உங்கள் முற்றத்தில் ஒரு பரல் நிமிர்ந்து நிற்கிறதா? அடுத்த மழைக்கு முன் அதைச் சரித்து வையுங்கள்.