இரு கண்டங்களின் குரல்

பிற குரல்களைப் பேசிக் காட்டும் பறவை என்றவுடன், கூண்டுக் கிளியும் மைனாவுமே நம் நினைவிற்கு வரும். அவை மனிதர் பழக்கக் கற்றவை. எவரும் பழக்காமலே, காட்டுவெளியில் திரிந்து, மற்றப் பறவைகளின் குரல்களைத் தம் பாட்டாக்கிக் கொள்ளும் பறவைகளும் உண்டு. அவற்றுள் தலைசிறந்த ஒன்றைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம்.

சதுப்புநிலக் கதிர்க்குருவி என்பது அதன் பெயர். சிட்டுக்குருவியினும் சிறியது, மங்கிய பழுப்பு நிறமுடையது, பார்வைக்கு எவ்விதக் கவர்ச்சியும் இல்லாதது. கோடையில் ஐரோப்பாவின் ஆற்றோரப் புதர்களில் கூடு கட்டும். குளிர் வருமுன்னரே புறப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென்கிழக்கு ஆப்பிரிக்காவை அடையும். மறு ஆண்டு மே மாத இறுதியில் ஐரோப்பாவிற்குத் திரும்பி, தன் துணையை அழைக்கப் பாடத் தொடங்கும்.

அப்பாட்டு ஏறக்குறைய முழுவதும் பிற பறவைகளின் குரல்களே. பிரான்சுவாஸ் டௌசெட்-லெமேர் என்னும் அம்மையார் பெல்ஜியத்தில் இப்பறவைகளின் பாடல்களை ஆராய்ந்து, 1979ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். அவர் இனங்கண்டவை 212 வகைப் பறவைகளின் குரல்கள். அவற்றுள் 99 ஐரோப்பியப் பறவைகளுடையவை. 113 ஆப்பிரிக்கப் பறவைகளுடையவை! ஓர் ஆண்பறவை மட்டும் சராசரியாக 76 வகைப் பறவைகளின் குரல்களைப் பாடுகின்றது. தகைவிலானும் சிட்டுக்குருவியும் அதில் ஒலிக்கும். அடுத்த நொடியே ஆப்பிரிக்கப் புதர்க்காட்டின் குரல் ஒன்று கேட்கும். ஆப்பிரிக்கப் பறவைகளை நன்கறிந்தவர் அப்பாட்டைக் கேட்டே, அது வந்த வழியை ஒருவாறு ஊகித்து விடலாம்.

இக்குரல்களை எல்லாம் அது தன் வாழ்வின் முதலாண்டிற்குள்ளேயே கற்று முடிக்கின்றது. பிறகு புதியதாக எதனையும் சேர்ப்பதில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. குஞ்சுகள் பொரிக்கும் காலத்தில் ஆண்பறவைகள் பெரும்பாலும் பாட்டை நிறுத்தி விடுகின்றன. ஆகவே, குஞ்சு தந்தையின் பாட்டைக் கேட்டுக் கற்பதற்கில்லை; அயற்பறவைகளின் குரல்களையே கேட்டு வளர்கின்றது. எனினும், அக்குரல்களை விரைந்து தொடுத்துப் பாடும் முறை அதன் இனத்திற்கே உரியது. அம்முறையைக் கொண்டே பறவை நோக்குவோர் அதனை இன்னதென்று அறிகின்றனர்.

பிழைப்பின் பொருட்டுத் தொலைவில் குடியேறிய நம் இல்லங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். நம் பிள்ளைகள் இந்தியோ வங்கமோ மராத்தியோ சரளமாகப் பேசுவது குறையன்று; அஃது அவர்கள் தேடிக்கொண்ட செல்வம். ஆனால், இளமையில் கேட்பதே நிலைக்கும். பெற்றோரின் பாட்டைக் கேளாது வளர்தல் அக்குருவிக்கு இயற்கை வகுத்த நியதி. நம் பிள்ளைகளுக்கு அந்நிலை நேர வேண்டுவதில்லை. மாலையில் வீடு திரும்பியதும் நாம் வாய்திறந்து அவர்களோடு தமிழில் பேசினாற் போதும்.