நள்ளிரவில் வெயில் அடிக்கும் தீவு!

காஞ்சிபுரத்தில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம் கேட்கும். பொழுது சாய்ந்தால் கோயிலில் விளக்கு ஏற்றுவார்கள். ஆண்டு முழுவதும் இதில் மாற்றம் இல்லை.

நான்கு மாதம் சூரியன் மறையாமலே இருந்தால்? பிறகு நான்கு மாதம் சூரியன் உதிக்காமலே இருந்தால்? தறியில் எப்போது உட்காருவது? விளக்கை எப்போது ஏற்றுவது?

இது கதை அல்ல. அப்படி ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நம் நாட்டு விஞ்ஞானிகளும் தங்கி வேலை செய்கிறார்கள்!

எங்கே இருக்கிறது?

ஐரோப்பாவின் வடகோடியில் இருப்பது நார்வே நாடு. அதற்கும் வடதுருவத்துக்கும் நடுவே, கடலில் ஒரு தீவுக்கூட்டம் உண்டு. அதன் பெயர் ஸ்வால்பார்டு. அதில் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். இந்தத் தீவில் உள்ள சிற்றூர்தான் நீ-ஓலசுண்ட்.

இங்கிருந்து வடதுருவம் சுமார் 1,200 கிலோமீட்டர். ஏறக்குறைய காஞ்சியிலிருந்து மும்பைக்குப் போகும் தூரம்தான்!

மரமே இல்லை!

தீவுக்கூட்டத்தில் பாதிக்கு மேல் பனிப்பாறை மூடிக் கிடக்கிறது. கோடையில் கூட வெப்பம் 5, 6 டிகிரிதான். மண்ணுக்கு அடியில் நிலம் எப்போதும் உறைந்தே இருக்கும். ஆகவே வேர் ஆழமாக இறங்க முடியாது. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைப் போல் ஒரு மரத்தை அங்கே பார்க்க முடியாது. பாசியும், தரையோடு படரும் குட்டைச் செடிகளும்தான். அவற்றை மேய்ந்து கலைமான்கள் வாழ்கின்றன.

பனிக்கரடியும் உண்டு. ஊரை விட்டு வெளியே போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்கிறார்கள். ஊருக்குள் வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. ஏன் தெரியுமா? கரடி வந்தால், யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி ஒளியலாம்!

சுரங்கம் போய், ஆராய்ச்சி வந்தது

முன்பு இங்கே நிலக்கரி வெட்டினார்கள். 1962-ம் ஆண்டு சுரங்கத்தில் வெடிவிபத்து ஏற்பட்டது. 21 தொழிலாளர்கள் மாண்டனர். அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பிறகு ஊர் ஆராய்ச்சிக் கூடமாக மாறியது. இன்று பல நாட்டு விஞ்ஞானிகள் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உண்கிறார்கள். குளிர்காலத்தில் சுமார் 30, 40 பேர்தான் இருப்பார்கள்.

இந்தியக் குழு முதன்முதலாக 2007-ம் ஆண்டு சென்றது. 2008-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இந்தியாவின் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'ஹிமாத்ரி'. பனிமலை என்று பொருள். 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல், சூரியன் உதிக்காத மாதங்களிலும் நம்மவர்கள் அங்கே தங்கத் தொடங்கினார்கள்.

நமக்கு என்ன லாபம்?

அத்தனை தூரத்தில், அந்த இருட்டில், நமக்கு என்ன வேலை?

மழைதான் காரணம்! உலகத்திலேயே வெகுவேகமாகச் சூடேறும் இடங்களில் ஸ்வால்பார்டும் ஒன்று. துருவக் கடலில் பனி குறைந்தால் காற்றின் போக்கு மாறலாம். அது நம் பருவமழையை எப்படிப் பாதிக்கும் என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள்.

இதற்காக 2014-ம் ஆண்டு ஜூலையில் அங்குள்ள கடலுக்குள் ஒரு கருவித் தொகுதி இறக்கப்பட்டது. நீரின் சூட்டையும் உப்பையும் அது அளந்தது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

மழையின் அருமையும் கொடுமையும் காஞ்சி நெசவாளிக்குத் தெரியும். மழை பொய்த்தால் ஏரி வறண்டுவிடும். விடாமல் பெய்தால் தெருவில் பாவு விரிக்க முடியாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தறி நின்றால் கூலியும் நின்றுபோகும்.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. மழையின் போக்கை முன்கூட்டியே சரியாகச் சொல்ல முடிந்தால், பாவை என்றைக்கு விரிக்கலாம் என்று நெசவாளி முன்னதாகவே திட்டமிடலாம். அந்த நாளுக்காகத்தான், சூரியன் இல்லாத ஊரில் விளக்கு வைத்துக்கொண்டு நம்மவர்கள் வேலை செய்கிறார்கள்!